அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மோர்பியின் ஓபரா ஆட்டத்தில் ராணியைக் கொடுத்தது தவிர ரசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் அந்த ராணிப் பலிதான் அதில் சுலபமான நகர்த்தல். 16ஆவது நகர்த்தலில் மோர்பியின் வெள்ளை ராணி பி8 கட்டத்தில் போய் நின்று செக் சொல்கிறது. குதிரையால் வெட்டுவதை விட்டால் கறுப்புக்கு வேறு வழியே கிடையாது. அடுத்து யானை டி8, செக்மேட். 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிற எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது புதிதில்லை: துரும்பை வெளியே இழுக்க நல்ல தாள் ஒன்றை விடுவார்கள். சனசமூக நிலையத்துக்குப் பின்னேரத்தில் ஆட வரும் பொடியளிடம் இந்த நிலையை அடுக்கிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் 13ஆவது நகர்த்தல்தான் ஆட்டத்தின் உயிர். அதற்கு முன்பே 10ஆவதில் குதிரையைக் கொடுத்து இரண்டு காலாட்களை எடுத்தாகிவிட்டது. பி5 மந்திரியின் செக்குக்குக் குறுக்கே கறுப்பு டி7இல் குதிரையை வைக்கிறது. மோர்பி ராணிப் பக்கம் கோட்டை கட்டுகிறார், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே தடவையில் நகர்த்துகிறார். அந்த ஒரே நகர்த்தலில் யானையும் டி வரிசைக்கு வந்துவிடுகிறது. கறுப்பு யானையை டி8க்குக் கொண்டுவந்து காவல் போடுகிறது. சரி, தாக்குதல் இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போது, 13ஆவதில் மோர்பி யானையாலேயே அந்தக் குதிரையை வெட்டுகிறார்! கறுப்பு யானை திருப்பி வெட்டுகிறது. வெட்டிய இடத்திலேயே அதுவும் மந்திரியிடம் மாட்டிக்கொள்கிறது: விலகினால் ராஜாவுக்குச் செக். உடனே எச்1 மூலையில் சும்மா நின்ற மற்ற யானை டி1க்கு வருகிறது. இப்போது வெள்ளையிடம் வேலை இல்லாத காய் ஒன்றுகூட இல்லை. கறுப்பின் எஃப்8 மந்திரியும் எச்8 யானையுமோ கடைசிவரை அசையவே இல்லை.

எதிரே ஆடியவர்கள் பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும், 1858இல், பாரிஸ் ஓபரா அரங்கில், இருவரும் கலந்து பேசி ஆடியது. பெரிய ஆட்டக்காரர்கள் இல்லைதான். அதனால் ஆட்டத்தின் அழகு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பலகையில் அடுக்கிப் பார்க்கிறபோது 8ஆவது நகர்த்தலிலும் கொஞ்சம் நில்லுங்கள். பி7 காலாள் ராணிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்தால் கறுப்பு ராணி பி4இல் செக் சொல்லி, ராணிகளை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். மோர்பி அதைத் தொடாமல் குதிரையை சி3க்கு எடுத்து வைக்கிறார். பின்னால் கொடுத்த பலியெல்லாம் செல்லுபடியானது அந்தக் காலாளை விட்டதால்தான்.