கேள்வி பதில்: கால் எட்டினால் போதுமா?

கே: என் உயரம் ஐந்தடி. ராயல் என்ஃபீல்டு வாங்க ஆசை. ‘பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டர்தான் சரி’ என்கிறார்கள் வீட்டில். எனக்குக் கால் எட்டாதா?

ப: எட்டுவது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ. மீட்டியார் 350-ல் 765 மி.மீ.தான், ஆக்டிவாவும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் ஆக்டிவாவின் எடை 106 கிலோ அளவில், மீட்டியாருக்கு 191. நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த எடையைத்தான்.

ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, லேசான மேட்டில் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். ஜல்லியில் கால் வழுக்கி வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஆறடி ஆளாலும் தாங்க முடியாது. ஆண்கள் கீழே போடுவதும் இப்படித்தான், வெளியே சொல்வதில்லை.

இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற வேண்டும் என்பதில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்து இடது பாதத்தை நன்றாக ஊன்றினால் போதும். வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். இன்னும் குறைய வேண்டுமானால் சீட் கவர் கடையில் ஸ்பாஞ்சை ஓர் அங்குலம் செதுக்கலாம். அதற்கு மேல் செதுக்கினால் பள்ளத்தில் அடிப்பலகை இடிக்கும். ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்காதீர்கள். சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போய் வண்டி நேராக நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். வேகத்தடையில் அடிவயிறும் உரசும்.

கே: மகன் சி.சி. பார்க்கிறான், நான் மைலேஜ் பார்க்கிறேன். சேலை கட்டிப் பின்னால் உட்காரும் என் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை.

ப: அவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். பிடிமானம், கால் மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி இருந்தாக வேண்டும். அழகு கெடுகிறது என்று மகன் சேலை கார்டைக் கழற்றினால் முந்தானை ஸ்போக்கில் சிக்கும். பின்சீட் தூக்கலாக இருக்கும் வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்தால், பிரேக் போடும்போதெல்லாம் முன்னுக்குச் சரிவார். மகனுக்காக ஒன்று சொல்லலாம்: 125 சி.சி.க்கு மேல் போனால், பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், ஈர ரோட்டில் அது உதவும்.

கே: ஆண் ஸ்கூட்டர் வாங்கினால் கேலி செய்கிறார்களே?

ப: 2001-ல் பல்சர் பைக்கை ‘டெஃபனிட்லி மேல்’ (நிச்சயமாக ஆண்) என்று சொல்லியே விற்றார்கள், அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வருவதற்கு ஸ்கூட்டர்தான் வசதி. வாங்குங்கள்.