புறநகரில் வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுவலகம் நகரத்தின் நடுவில். இரண்டு ஊர்கள் மனதில் உள்ளன. ஒன்று 25 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். இன்னொன்று 38 கிலோமீட்டர், நேரடி ரயில். பக்கத்தில் இருப்பதையே எடுக்கலாம்தானே?

பதில்: கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்து உங்கள் மேசை வரை எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். முதல் ஊருக்கு நிறுத்தம் வரை நடை 5, காத்திருப்பு 10, முதல் பஸ் 35, மறுபடி காத்திருப்பு 10, இரண்டாவது பஸ் 20, கடைசி நடை 5, மொத்தம் 85 நிமிடம் என்று வையுங்கள். இரண்டாவது ஊரில் ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் நடை 12, காத்திருப்பு 5, ரயில் 45, இறங்கியபின் நடை 8. மொத்தம் 70. தூரத்து ஊர்தான் கிட்டத்தில் இருக்கிறது!

ஆனால் இது நல்ல நாள் கணக்கு. முதல் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது பஸ்ஸும் போய்விடும். மாறுகிற இடத்தில்தான் தாமதம் பெருகும். அதனால் சராசரி நேரத்தைக் கேட்காதீர்கள். இருபது வேலைநாளில் பத்தொன்பது நாள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர எப்போது கிளம்ப வேண்டும் என்று அந்த ஊரிலிருந்து தினமும் போய்வருபவர்களிடம் கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் காலை நேரத்தைத்தான் சொல்வார்.

ஒரு வேலைநாளில் நீங்களே போய்ப் பாருங்கள். காலை போவதோடு நிறுத்தாமல், மாலை திரும்பியும் வாருங்கள். ரயில் அந்த ஸ்டேஷனிலேயே புறப்படுகிறதா, முன்பே நிரம்பி வருகிறதா என்று கவனியுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து போவதும் நின்று போவதும் ஒன்றல்ல. ரயில் புறப்படும் இடம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தால் அங்கேயே வீடு பார்ப்பதில் தவறில்லை. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். அதைத் தவறவிட்டால் எப்படித் திரும்புவது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

மனிதர்கள் பெரும்பாலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று 1994-இல் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி எழுதினார். அதற்கு மேல் போகப் போக வேறு எதையோ விட்டுக்கொடுக்கிறோம். போக அரை மணி, வர அரை மணி கூடினால் நாளுக்கு ஒரு மணி. ஆண்டுக்கு 240 வேலைநாள் என்றால் 240 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலைநாட்கள் முப்பது. வாடகையில் மிச்சமாகும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மனை விலை குறைவாக இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமோ என்று பயம். வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் எப்படித் தெரியும்?

பதில்: தெரியும், சுவர் சொல்லிவிடும். தெருவில் நான்கைந்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரை அடியிலிருந்து பாருங்கள். வெள்ளம் நின்ற இடத்தில் கறை ஒரே மட்டத்தில் நேர்கோடாக, வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும். வெறும் ஈரம் ஏறிய சுவரில் கறை மேலும் கீழுமாக, உப்புப் பூத்து இருக்கும். பிறகு மின்சார மீட்டர் பெட்டி, தண்ணீர் மோட்டார் இரண்டையும் கவனியுங்கள். எல்லார் வீட்டிலும் அவை மேடை கட்டி உயர்த்தப்பட்டிருந்தால் காரணம் கேட்கவே தேவையில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போகிறார்களா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் வீடுகள் பள்ளமாகிவிடும். பக்கத்துக் காலிமனையில் நாளை மண் கொட்டி உயர்த்தினாலும் அந்தத் தண்ணீர் உங்களிடம்தான் வரும்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்' என்று யாராவது சொன்னால் ஆறுதல் அடையாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பதாண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: ஆழ்துளைக் கிணறு மட்டும்தான் உள்ளது. டிடிஎஸ் மீட்டரில் 450 காட்டியது. குடிக்கலாமா?

பதில்: அந்த மீட்டர் கரைந்த உப்பின் அளவை மட்டுமே சொல்லும். 600-க்குள் என்றால் சுவை பரவாயில்லை, 1000-ஐத் தாண்டினால் வாயில் வைக்க முடியாது. கிருமியும் நைட்ரேட்டும் அதில் தெரியாது.

பாதாளச் சாக்கடை வராத புறநகரில் கவலைப்பட வேண்டியது, கழிவுநீரிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட்டுக்குத்தான். ஒவ்வொரு மனையிலும் ஒரு செப்டிக் டேங்க், ஒரு போர்வெல். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டராவது வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் அதுவும் போதாது. உங்கள் டேங்க்கை மட்டும் அளந்தால் ஆகாது. பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போர்வெல்லை ஒட்டியே இருக்கலாம்.

ஆய்வகத்தில் நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி மூன்றையும் கேட்டுப் பரிசோதியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5. குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். அதைப் பனிக்கட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். நைட்ரேட் கூடுதலாக இருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறத்தான் செய்யும். ஆர்.ஓ. குறைக்கும்.

கேள்வி: மூன்றாண்டில் மெட்ரோ வரும் என்கிறார்கள். அதை நம்பி வாங்கலாமா?

பதில்: இன்று ஓடாத ரயிலுக்கு இன்று பணம் கொடுக்காதீர்கள். மெட்ரோ வராவிட்டாலும் அந்த ஊரில் காலம் தள்ள முடியும் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: வயதான பெற்றோர் உடன் இருக்கிறார்கள். அமைதியான இடம் வேண்டும்.

பதில்: அமைதியை இரவு பதினொன்றுக்கு மேல் போய்ப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட பரிந்துரையின்படி இரவில் வீட்டுக்கு வெளியே சாலை இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குள், விமான இரைச்சல் 40-க்குள் இருக்க வேண்டும். விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும். காற்று திசை மாறும் பருவத்தில் அவை பறக்கும் பாதையும் மாறும். இன்று மொட்டைமாடியில் நின்று பார்த்தது போதாது.

பெற்றோருக்காக இன்னொன்றும் பாருங்கள். இரவு முழுக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனை தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்? நடுவில் ரயில்வே கேட் இருந்து, மேம்பாலம் இல்லை என்றால், கேட் மூடியதும் ஆம்புலன்ஸும் நிற்கும். அந்த ஊரே பிடித்திருந்தால் வீட்டை மருத்துவமனை இருக்கும் பக்கமாகப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்துவிடுவது இன்னும் நல்லது. அதில் மழைக்காலமும் கோடையும் இரண்டும் வந்துவிடும்.