எலி மூளையில் பச்சை ஒளி

கேள்வி: மூளைச் சீவலுக்குச் சாயம் ஏற்றினால் எல்லா நரம்புச் செல்களும் ஒரே ஊதா நிறத்தில்தான் தெரிகின்றன. அவற்றுள் டோபமைன் சுரப்பவை எவை என்று எப்படிப் பிரித்தறிந்தார்கள்? பாடநூலில் வரும் ‘ஏ9’, ‘ஏ10’ என்பவை என்ன?
— விலங்கியல் மாணவி ஒருவர்

பதில்: சாயத்தால் முடியாததை ஓர் ஆவி செய்தது. சுவீடனைச் சேர்ந்த ஃபால்க், ஹில்லார்ப் ஆகியோர் 1962-இல் வெளியிட்ட முறையில், உறையவைத்து உலர்த்திய திசுவைச் சூடான ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்தார்கள். ஈரத்திசுவில், நரம்புச் செல்கள் செய்தி கடத்தச் சுரக்கும் டோபமைன் போன்ற சிறு மூலக்கூறுகள் கரைந்து இடம்பெயர்ந்துவிடும் என்பதால்தான் உலர்த்தல் அவசியமாயிற்று. ஒளிர்வு நுண்ணோக்கியில் டோபமைனும் நார்அட்ரினலினும் பச்சையாகவும், செரோட்டோனின் மஞ்சளாகவும் ஒளிர்ந்தன.

ஹில்லார்ப்பின் மாணவர்களான டால்ஸ்ட்ரோமும் ஃபுக்ஸேயும் 1964-இல் இம்முறையைக் கொண்டு எலியின் மூளையை வரைபடமாக்கினார்கள். பச்சைக் கூட்டங்களுக்கு ஏ1 முதல் ஏ12 வரையிலும், மஞ்சள் கூட்டங்களுக்கு பி1 முதல் பி9 வரையிலும், முகுளத்தில் தொடங்கி முன்னோக்கி எண்ணிட்டார்கள். பழைய உடற்கூறியல் பெயர்களே இருக்க எண்கள் எதற்கு என்றால், ஒளிர்ந்த செல்கள் அப்பெயர்களின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. நீங்கள் கேட்ட ஏ9, ஏ10 இரண்டும் நடுமூளையில் அடுத்தடுத்து இருப்பவை. ஏ9 பெரும்பாலும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் அமைகிறது. ‘கரும்பொருள்’ என்று பொருள்படும் இப்பெயர் மனித மூளையைப் பார்த்து இட்டது. எலியில் அந்தக் கருமையைக் காண முடியாது. ஏ9 செல்களின் இழைகள் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதிக்குச் செல்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதாக வியன்னாவில் 1960-இல் கண்டறியப்பட்டதும் அதே பகுதியில்தான்.

இம்முறையின் குறை, டோபமைனையும் நார்அட்ரினலினையும் பச்சை நிறத்தை வைத்து எளிதில் பிரிக்க முடியாது என்பதே. இன்று நொதிகளைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைப் பயன்படுத்துகிறார்கள். டோபமைனின் முன்னோடியான டோபாவை உருவாக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இரு வகைச் செல்களிலும் உண்டு. டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸோ டோபமைனை நார்அட்ரினலினாக மாற்றும் செல்களில் மட்டுமே இருக்கும். ஆகவே முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத செல்லை டோபமைன் செல் என்று கொள்வது வழக்கம். ஆனால் ஹைப்போதலாமஸில் இக்கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது: அங்குள்ள சில செல்களில் முதல் நொதி இருந்தும், டோபாவை டோபமைனாக்கும் அடுத்த நொதி இருப்பதில்லை.