பட்டை இரவல் கொடுத்து மணையைத் தூக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் மாதம் 38,000 ரூபாய். திருமணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று சேர்ந்த பட்டுப்புடவைகள் 22 இருக்கின்றன. பாதிக்கு மேல் இரண்டு தடவைக்கு மேல் கட்டியதில்லை. பெங்களூரில் இருக்கும் என் தோழி, தன் புடவைகளை ஒரு செயலி மூலம் மற்ற பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். மூன்று நாளைக்கு ஒரு புடவைக்கு 1,500 ரூபாய் கிடைக்கிறதாம். நானும் இறங்கலாமா? நகையை அடகு வைத்து 3 லட்சம் ரூபாய் வாங்கி, தலா 20,000 ரூபாயில் இன்னும் 15 புடவைகள் எடுத்தால் நல்ல வருமானம் வரும் என்று தோன்றுகிறது. துணிக் கழிவு குறைய வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. வருமான வரி கட்ட வேண்டியிருக்குமா? மாமியாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் நானே புடவை வாங்குகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் விலைமதிப்பான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களை அடகுக் கடை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், கூடவே போட்டுப் பாருங்கள். 1,500 ரூபாய் வாடகையில் செயலிக்காரர் ஐந்தில் ஒரு பங்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 300 போயிற்று. ஒருவர் கட்டிய பட்டை அப்படியே அடுத்தவரிடம் நீட்ட முடியாது. டிரை வாஷுக்கும் ரோல் பாலிஷுக்கும் 350. போக வரக் கூரியர் 250. ஊக்கு குத்திய ஓட்டை, பிரிந்த ஃபால்ஸ், அறுந்த குஞ்சம் என்று சீர்செய்ய ஒவ்வொரு தடவைக்கும் 100 ஒதுக்கிவையுங்கள். கையில் நிற்பது 500 ரூபாய். உங்கள் ஊர் விலையில் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 1,500 ஒருபோதும் 1,500 அல்ல.

3 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36,000. அதைக் கட்ட மட்டும் 72 தடவை வாடகை போக வேண்டும். பதினைந்து புடவைகளும் ஆளுக்கு ஐந்து முறை வெளியே போய் வந்தால் வட்டி தீரும், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. அசலுக்கு மேலும் 600 வாடகை, புடவைக்கு 40 தடவை. நாற்பது முறை டிரை வாஷுக்குப் போய் வந்த பட்டு எப்படி இருக்கும் என்று ஏதாவது ஒரு சலவைக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஜரிகை மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும்.

இதில் இன்னொரு சிக்கல் காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. தினசரிக் காலண்டரின் முகூர்த்தப் பட்டியலை எடுத்து எண்ணுங்கள். வளர்பிறை முகூர்த்தம் மட்டும் போதும் என்பவர்கள் வேறு இருக்கிறார்கள். ஊரே ஒரே நாளில் கல்யாணம் வைக்கும், ஒரே நாளில் பதினைந்து புடவைக்கும் ஆள் வரும், பிறகு இருபது நாள் பீரோ திறக்கவே படாது. அடுத்தடுத்த இரண்டு முகூர்த்தத்துக்கும் ஒரே புடவையை அனுப்ப முடியாது, அது நடுவில் சலவையில் இருக்கும். ஆனால் வட்டி ஆடியிலும் ஓடும்.

கடனுக்குத் துணி வாங்கி வாடகைக்கு விடுவது பெரிய முதலாளிகளுக்கே எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய ரென்ட் தி ரன்வே நிறுவனம் துணிகளைத் தானே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது. 2021 அக்டோபரில் பங்கு ஒன்று 21 டாலர் என்று பங்குச் சந்தைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே கிடந்ததால் இருபது பங்குகளை ஒன்றாக்கித்தான் சந்தைப் பட்டியலில் நீடிக்க வேண்டியிருந்தது. லண்டனில் 2019இல் வந்த பை ரொட்டேஷன் வேறு வழியில் போனது: துணி அவரவர் அலமாரியில் கிடப்பது, நிறுவனம் ஆளையும் ஆளையும் சேர்த்துவைக்கும். உங்கள் தோழி செய்வது இந்த இரண்டாவது வகை. நீங்கள் 15 புடவை வாங்கப் போவது முதல் வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே தொழில் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆகவே பதில்: பீரோவில் ஏற்கெனவே இருப்பதை விடலாம், புதிதாக வாங்கக் கூடாது. இருப்பதற்குப் பணம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது; வரும் 500 அப்படியே உங்களுடையது. 22இல் கூறைப்புடவை, அம்மா கொடுத்தது போன்றவற்றைத் தனியே வையுங்கள். நீங்கள் அடிக்கடி கட்டுபவை போக எட்டு தேறும் என்று நினைக்கிறேன். எட்டும் ஆண்டுக்கு நான்கு முறை போனால் 16,000 ரூபாய். ஒவ்வொரு முறைக்கும் படம் எடுப்பது, பேசுவது, மடிப்பது, சலவைக்கு நடப்பது என்று இரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு 250 ரூபாய். மோசமில்லை, ஆனால் வேலையை விடும் அளவுக்கும் இல்லை. லெஹங்காவோ கவுனோ என்றால் அளவுச் சண்டை வந்திருக்கும். புடவை தைக்காத துணி, யாருக்கும் பொருந்தும். ஆரி ஒர்க் பிளவுஸை மட்டும் கூடவே அனுப்பாதீர்கள். அது உங்களைத் தவிர யாருக்கும் சரியாக வராது, பிரித்துத் தைத்துவிட்டு வந்தாலும் வருவார்கள்.

பட்டுப்புடவையை இரவல் கொடுத்தவள் மணையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாளாம். எனக்கு அந்த அனுபவம் உண்டு. உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு என் அரக்கு நிறப் புடவையைக் கொடுத்தேன். முந்தானையில் சாம்பார் பட்டுவிட்டதாம், எனக்குச் சங்கடம் வேண்டாமே என்று வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்தே கொடுத்தாள். உறவு என்பதால் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் காசு வாங்குகிறீர்கள், திறக்கலாம், ஆனால் முன்கூட்டியே எழுத்தில் திறக்க வேண்டும்.

ஏனென்றால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது போல் இல்லை. பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் பொருளைக் காக்கும் அளவுக்கு அதைக் காத்தால் போதும் என்கிறது 151ஆவது பிரிவு. அப்படிக் காத்தும் கெட்டுப்போனால், தனியாக ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பில்லை, இது 152. பந்தியில் இலையைத் தாண்டி வந்த ரசத்துக்கு யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் வாதாடப் போகிறீர்களா? பதிலாக ஒரு பக்கத் தாளில் எழுதி, வாட்ஸாப்பிலேயே ஒப்புதல் வாங்குங்கள்: புடவையின் மதிப்பு இவ்வளவு, கறைக்கு இவ்வளவு, கிழிசலுக்கு இவ்வளவு, தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு. வீட்டில் துவைக்கவே கூடாது. ஜரிகை மீது வாசனைத் திரவியம் அடிக்கக் கூடாது. நலங்குக்குக் கிடையாது, மஞ்சள் போகவே போகாது. முன்பணம் புடவை விலையில் பாதியாவது இருக்கட்டும். பில்லும், அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டையும் இருக்கும் புடவைக்கு மதிப்புச் சண்டை வராது, அவை இல்லாதவற்றை முதலில் அனுப்ப வேண்டாம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பகல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் விரித்து வீடியோ எடுங்கள். உங்கள் பக்கம் குறை இருந்தாலும் சொல்லிவிட வேண்டும், வாடகைக்கு விடுபவருக்கு 150ஆவது பிரிவு கூடுதல் பொறுப்பு வைத்திருக்கிறது. வீட்டுக் காப்பீடு இருந்தால் அதை நம்பாதீர்கள். வாடகைக்குப் போன பொருளைப் பொதுவாக அது சேர்ப்பதில்லை.

துணிக் கழிவு பற்றி எழுதியிருந்தீர்கள். 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு ஜீன்ஸின் வாழ்க்கையைப் பல வகைகளில் கணக்கிட்டார்கள்: நெடுநாள் அணிவது, மறுவிற்பனை, மறுசுழற்சி, வாடகை. புவி வெப்பத்துக்கு அதிகம் பங்களித்தது வாடகைதான், காரணம் ஒவ்வொரு முறையும் எடுக்கவும் திருப்பவும் ஓடும் வண்டி. குறைந்த பாதிப்பு எதற்கென்றால், வாங்கியதை நெடுநாள் அணிவதற்கு. பட்டுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் திருச்சியிலிருந்து பெங்களூருக்கு ஒரு புடவை கூரியரில் போய் வந்து, இரசாயனத்தில் மூழ்கி எழுவதைப் பசுமை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பையில் பஸ்ஸில் போய் வந்தால் சரி. அப்படிச் செய்தால் கூரியர் 250 மிச்சம், தெரிந்த வட்டம் என்றால் செயலியின் 300ம் மிச்சம்; 500 என்பது 1,050 ஆகிறது. உங்கள் கொள்கையும் பர்ஸும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது. அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்லூரித் தோழிகள் என்று முப்பது பெண்கள் போதும்.

அந்த வட்டத்தில் நீங்களும் வாடகைக்கு எடுங்கள். கடைசி வரிக்கு வந்துவிட்டேன். ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குப் புடவை வாங்குகிறவர், மூன்று விசேஷத்துக்கு அடுத்த வீட்டுப் புடவையை 1,500 வீதம் எடுத்துக் கட்டினால் 4,500இல் முடிகிறது. ஒரே ஒரு புடவை ஆசைக்கு 15,000 ரூபாயில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் 30,500 மிஞ்சும், செயலி வழியாக எட்டுப் புடவை ஓடி ஓடிச் சம்பாதிக்கும் 16,000ஐவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கை இன்றே திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணம் தீபாவளித் தள்ளுபடிக்குப் போய்விடும். எல்லோரும் இப்படி வாங்காமல் விட்டால் காஞ்சிபுரத்து நெசவாளர் என்ன ஆவார் என்ற கேள்வி எனக்கும் உறுத்துகிறது. அதனால்தான் அந்த ஒரு புடவையைக் கைத்தறியாகப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர்ந்து வாடகைக்கு விட்டால் அது தொழில் வருமானம். சம்பளக்காரர்களுக்கான எளிய வருமான வரிப் படிவத்தில் (ஐடிஆர்-1) அதைக் காட்ட முடியாது. சிறு தொழிலுக்கான உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தையும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரி வராது, ஆனால் தொழில் வருமானம் சேர்ந்தபின் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்க முடியாது. ஜிஎஸ்டி பதிவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான், அந்தக் கவலை வேண்டாம்.

மாமியார் விஷயம். புடவைகள் உங்களுக்கு வந்தவை, உங்கள் சொத்து, அனுமதி தேவையில்லை. ஆனால் அவர் மறுப்பது எதனால் என்று கேட்டீர்களா? அந்தத் தலைமுறையில் இரவல் போகாத பட்டே கிடையாது. எந்தப் புடவை யார் வீட்டுக்குப் போய் என்ன கதியில் திரும்பியது என்று அவருக்கு ஒரு பட்டியலே நினைவிருக்கும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்.