ஸ்டூவர்டுக்கு 15-ஆம் எண் சட்டை

கேள்வி: இங்கிலாந்து ரக்பி வீரர் ஃபிரெடி ஸ்டூவர்டுக்கு வேகம் போதாது என்கிறார்கள். 2024 சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் நடுவில் அவருக்குப் பதில் ஜார்ஜ் ஃபர்பேங்கை ஃபுல்பேக்காக (எல்லோருக்கும் பின்னால் நிற்கும் 15-ஆம் எண் வீரர்) இறக்கினார் பயிற்சியாளர் ஸ்டீவ் போர்த்விக். இங்கிலாந்து அணியில் அவருக்கு இனியும் இடம் உண்டா?
– வாசகர், கண்டி

பதில்: உண்டு. உயர உதைத்து ஆடும் அணி எதிரே இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஃபுல்பேக்கை எடைபோட வேண்டிய நேரம் பந்து வானத்தில் இருக்கும் நேரம். ஸ்க்ரம்-ஹாஃப் (குவியலிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) உயர உதைக்கும் நல்ல பாக்ஸ் கிக் ஏறக்குறைய 4 வினாடி காற்றில் நிற்கும். வினாடிக்கு 7 மீட்டர் ஓடும் எதிரணி விங் (ஓரத்தில் ஆடும் ஓட்டக்காரர்) அதற்குள் 28 மீட்டர் வந்துவிடுவார். பந்தும் அவரும் ஒன்றாகவே வந்து சேர்வார்கள். முன்பெல்லாம் சக வீரர்கள் இரண்டு மூன்று பேர் குறுக்கே மெதுவாக ஓடி, பிடிப்பவருக்கு வேலி கட்டுவார்கள். 2024 நவம்பர் ஆட்டங்களிலிருந்து நடுவர்கள் இதில் கறார் காட்டத் தொடங்கினார்கள். வேலி போனதும், தனியாக எழும்பிப் பிடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடிவிட்டது. ஸ்டூவர்டின் உயரம் 196 செ.மீ.

உயரம் மட்டும் காப்பாற்றாது. பந்து விழும் இடத்திலேயே போய் நின்றுகொள்பவர், ஓடிவந்து எழும்புபவரிடம் தோற்பார். அதனால் சில அடி பின்னாலிருந்து வந்து, ஒற்றைக் காலில் உந்தி, மறு முழங்காலைத் தூக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். நெஞ்சை நேரே காட்டிப் பிடித்தால், நழுவும் பந்து முன்னால் விழும்: நாக்-ஆன் என்ற தவறு, எதிரணிக்கு ஸ்க்ரம் (இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போராடுவது). திரும்பியிருந்தால் பெரும்பாலும் பின்னால் விழும், ஆட்டம் தொடரும். இந்தத் திருப்பத்தை ஸ்டூவர்ட் அளவுக்கு ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு.

2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஃபிஜிக்கு எதிராக மார்கஸ் ஸ்மித்தை அந்த இடத்தில் ஆடவைத்த போர்த்விக், மழையில் நடந்த தென்னாப்பிரிக்க அரையிறுதிக்கு ஸ்டூவர்டையே திரும்ப அழைத்தார். 15-16 என்று தோற்றது உண்மைதான். ஆனால் 78-ஆம் நிமிடம்வரை முன்னிலையில் இருந்த அணியைக் கவிழ்த்தது ஸ்க்ரமில் கொடுத்த பெனால்டி.

குறையையும் சொல்ல வேண்டும். தாக்குதல் வரிசையில் இரண்டாவது பாஸராக நுழைந்து இடைவெளி திறப்பதில் ஃபர்பேங்க் மேலானவர். 2024-இல் அயர்லாந்தை 23-22 என வென்ற ஆட்டத்தில் ட்ரையும் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார். திறந்த வெளியில் சட்டென்று திரும்பி ஓடுவது ஸ்டூவர்டுக்குச் சுலபமில்லை. 50:22 விதி இதை இன்னும் சோதிக்கும்: எதிரணி தன் பாதியிலிருந்து உதைத்த பந்து களத்தில் குத்தி, நம் கோல் கோட்டிலிருந்து 22 மீட்டருக்குள் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறினால், லைன்-அவுட் (அந்தக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது) எறிவதும் அவர்களே. ஆகவே பந்து வலப்பக்கம் இருக்கும்போது இடது விங் பின்வாங்கி, ஃபுல்பேக் வலமாக நகர வேண்டும். அப்படி ஓயாமல் முன்னும் பின்னும் ஓடக்கூடிய விங்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்டூவர்டின் முழுப் பயனும் கிடைக்கும்.

கேள்வி: 2023-இல் டப்ளினில் வாங்கிய சிவப்பு அட்டையை அவர் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். பந்தை எடுக்கக் குனிந்த அயர்லாந்து வீரர் ஹியூகோ கீனன்மேல் மோதாமல் நிற்க அவருக்கு நேரமே இருக்கவில்லை. உடம்பைத் திருப்பியபோது முழங்கை தலையில் பட்டது. ஒழுங்குக் குழுவும் அந்த அட்டையை ரத்து செய்து, மஞ்சளே போதும் என்று முடிவு செய்தது.