மாவட்டம் 32ஆ, 38ஆ? எந்த கைடை நம்புவது?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்கிறது ஒரு கைடு, 38 என்கிறது இன்னொன்று. கடற்கரை நீளம், மாநிலம் உருவான நாள் எல்லாமே முரண்படுகின்றன. எதைக் குறிப்பது?

பதில்: மாவட்டம் 38. இதில் சந்தேகமே வேண்டாம். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்தது. 32 என்று சொல்லும் கைடு, அட்டையில் மட்டும் புது ஆண்டைப் போட்டுக்கொண்ட பழைய சரக்கு. கடையிலேயே மாவட்டப் பட்டியலைப் புரட்டுங்கள். மயிலாடுதுறை இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் 2019இல் வந்ததுதான். மக்கள்தொகையில் இன்னொரு பொறி: 7,21,38,958 என்பது 2011 கணக்கெடுப்பின் தற்காலிக எண். இறுதி எண் 7,21,47,030.

கடற்கரை 906.9 கி.மீ. என்பது மத்திய அரசின் பழைய அளவு. மாநில அரசு சொல்வது 1,076. மத்திய அரசு மறுபடி அளந்து இப்போது 1,068.69 என்கிறது. கடல் ஒன்றுதான், அரசாங்கத்துக்குத்தான் ஒரே எண்ணைச் சொல்ல மனமில்லை! மாநிலத் தேர்வு என்பதால் 1,076ஐக் குறிக்கலாம்.

நாள் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆந்திரம் 1953 அக்டோபர் 1இலேயே பிரிந்துவிட்டது. மொழிவாரி மாநிலமாக இன்றைய எல்லை பெரும்பாலும் அமைந்தது 1956 நவம்பர் 1. ஆனால் அன்று பெயர் சென்னை மாநிலம். சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது, அண்ணா முதல்வராக இருந்த 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஆகவே 'உருவான', 'தீர்மானம்', 'நடைமுறை' என்ற சொற்களில் எது கேள்வியில் இருக்கிறது என்று பாருங்கள். 'தமிழ்நாடு நாள்' என்றால்? 2019இல் அரசு அதை நவம்பர் 1இல் கொண்டாடியது. ஆட்சி மாறியபின் 2022இலிருந்து ஜூலை 18. இப்போதைக்கு ஜூலை 18 என்றே குறியுங்கள். ஆட்சிக்கு ஆட்சி விடையும் மாறினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

அப்புறம், "படிக்கவே வேண்டாம், வேலையே வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். 2019 குரூப் 4 முறைகேட்டில் அப்படிப்பட்டவர்களை நம்பிப்போன 99 தேர்வர்களுக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை போட்டது. கைடு தப்பாக இருந்தால் ஒரு கேள்விதான் போகும்.