எந்த நாள் மழை, யார் வயல் நீர்?

கேள்வி: மேட்டூர் அணையின் இருப்பும் மழை அளவும் அன்றாடம் வெளியாகின்றன, பயிரின் நீர்த்தேவையைக் கணிக்கும் மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றை இணைத்து, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று கணினியே சொல்லும்படி செய்வதில் என்ன சிரமம்?
– வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: மென்பொருளுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். பயிர் நீர்த்தேவைக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ‘அக்வாகிராப்’, நிலத்தடி நீரோட்டத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ‘மாட்ஃப்ளோ’ என இரண்டையும் எவரும் காசின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரிய வேண்டுமே!

அளவைகளையே பாருங்கள். அணையின் இருப்பை டி.எம்.சி.யிலும், வாய்க்கால் ஓட்டத்தை விநாடிக்குக் கன அடியிலும் சொல்கிறோம். பயிர் மாதிரியோ (பயிரின் நீர்த்தேவையைக் கணிக்கும் மென்பொருள்) நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்கிறது. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி. அதை 100 ஏக்கரில் பரப்பினால் ஏறத்தாழ 6 மி.மீ. உயரம் நிற்கும். குறுவை நெல் வெயில் நாளில் ஆவியாகவும் இலைவழியாகவும் இழக்கும் நீரே இதற்கு அருகில் வந்துவிடும். வாய்க்காலில் கசிவதும் வயலடியில் இறங்குவதும் தனி. இது பள்ளி மாணவர் போடக்கூடிய கணக்குதான். ஆனால் அந்த 100 ஏக்கர் எது என்பதில்தான் வழக்கு வருகிறது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கல் கிராமவாரியாக, சர்வே எண்படி எழுதப்படுகிறது. ஒரு வாய்க்காலால் பாசனம் பெறும் பரப்பான ஆயக்கட்டோ, அந்த வாய்க்கால் போகும் வழியைப் பொறுத்து ஊர் எல்லைகளைத் தாண்டிக் கிடக்கிறது. செயற்கைக்கோள் படத்தைக் கேட்கலாம் என்றால், சம்பா நடவு நேரத்தில் வானம் மூடிக்கொள்கிறது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படமே அப்போது கைகொடுக்கும்.

தேதியும் நம்மை ஏமாற்றும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. ஆகவே அக்டோபர் 15 மாலையில் பெய்த மழை 16ஆம் தேதிக் கணக்கில் ஏறும். செயற்கைக்கோள்வழி மழைத் தரவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுவதால், அவற்றின் நாள் நமக்குக் காலை 5.30 மணிக்குத் தொடங்குகிறது. அதே மழை அங்கே 15ஆம் தேதியிலேயே நிற்கும். மழைமானி இல்லாத ஊர்களுக்குச் செயற்கைக்கோள் அளவைக் கவனமின்றி இட்டு நிரப்பினால், ஒரே மழை இரு நாளும் பெய்ததாகிவிடும். கணினியும் அதை நம்பி மதகை ஒரு நாள் கூடுதலாக அடைத்து வைக்கச் சொல்லும்.

என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பெரிய பிழை நிலத்துக்கு அடியில்தான் நேர்கிறது. வயலடியில் இறங்கும் நீரைப் பயிர் மாதிரி ‘இழப்பு’ என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறது. ஆனால் மேல்வயலில் இழப்பான அதே நீரைத்தான் அடுத்தவரின் பம்ப்செட் இறைக்கிறது. நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மாதிரி, மேலிருந்து இறங்கிச் சேரும் நீரின் அளவைத் தனியே ஊகித்துக்கொள்ளுமானால், ஒரே நீர் இரு முறை வரவாகலாம், அல்லது எந்தக் கணக்கிலும் வராமல் போகலாம். எனவே பயிர் மாதிரி நாள்தோறும் கணித்த கசிவைக் கூட்டி, மாதத்துக்கு ஒருமுறை நிலத்தடி மாதிரியிடம் ஒப்படைக்க வேண்டும். அது திருப்பித் தரும் நீர்மட்டத்தைக் கொண்டு பம்ப்செட்டால் எவ்வளவு இறைக்க முடியும் என்று மீண்டும் கணிக்க வேண்டும். மாதிரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்கென ஐரோப்பாவில் ‘ஓப்பன்எம்ஐ’ என்னும் பொது நெறிமுறையே வகுத்திருக்கிறார்கள்.

கேள்வி: இதில் விவசாயி செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
– அதே வாசகர்

பதில்: உண்டு. வயலில் எப்போதும் நீர் நிற்பதாக மாதிரி எண்ணிக்கொண்டிருக்க, நீங்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் அதன் கணிப்பு மிகையாகவே இருக்கும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே நீர் இறங்கியதும் பாய்ச்சுகிறவர்கள், பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் கட்டி வைப்பார்கள். அந்தக் குழாயின் அளவைத் தினமும் குறித்து வாருங்கள். தேதியோடு மணியையும் சேர்த்து எழுதுங்கள்.